செயின் சோவைச் சரித்தால் நின்றுவிடுகிறது, நேராகப் பிடித்தால் நன்றாக ஓடுகிறது

ஒட்டுசுட்டான் தம்பி:

எல்லோருக்கும் வணக்கம். மெசின் வேலை தெரிந்த அண்ணைமார் ஒருக்கா இதைப் பார்த்துச் சொல்லுங்கோ, இரண்டு கிழமையாக மண்டை காய்ந்துபோய் இருக்கிறேன்.

மாமாவின் பழைய செயின் சோ ஒன்று என்னிடம் இருக்கிறது. 70 சிசிக்குக் கொஞ்சம் கூட, 20 அங்குல வாள். மீள்குடியேறி வந்த நேரம், 2011 அளவில், வளவு துப்புரவாக்கவும் வீட்டுக்கு மரம் அரியவும் என்று வவுனியாவில் பாவித்ததாக வாங்கியது. அப்பவே அதற்கு எத்தனை வயது என்று யாருக்கும் தெரியாது. இவ்வளவு காலமும் பெரிதாகக் கரைச்சல் தரவில்லை.

இந்த மாரிக்கு வேலிக்கு மேலே ஒரு வேம்பு விழுந்துவிட்டது. அதைத் துண்டு போடும்போது ஒரு பிரச்சினையும் இல்லை, மெசினை நேராகப் பிடித்து மேலிருந்து கீழே வெட்டினால் பழைய மாதிரியே இழுக்கிறது. ஆனால் பக்கத்தில் சரிந்து நின்ற தென்னையைத் தறிக்கலாம் என்று மெசினைப் பக்கவாட்டில் படுக்கப் பிடித்தேன், அங்கேதான் தொடங்கியது. பத்துப் பதினைந்து வினாடி ஓடும், பிறகு சத்தம் மாறும், நின்றுவிடும். திரும்ப நேராக வைத்து ஏழெட்டுத் தரம் கயிறு இழுத்தால்தான் உயிர் வரும். தென்னை பாதி வெட்டோடு நிற்கிறது, அம்மா அந்தப் பக்கம் கோழியைக்கூட விடமாட்டேன் என்கிறா.

இதுவரை செய்தது: புது பிளக் போட்டேன். எயர் பில்ரர் கழுவினேன். கலவை புதிதாகக் கலந்தேன், 92 பெற்றோல், லீற்றருக்கு 40 மில்லி ரூ ஸ்ரோக் ஒயில். நிற்கக்கூடாது என்று ஐடில் ஸ்குரூவை ஒரு சுற்றுக் கூட்டியும் வைத்தேன். கராச்சில் காட்டினால் அங்கே நின்ற பெடியன் மெசினைத் தூக்கிக்கூடப் பார்க்காமல் காபரேற்றர் முடிந்தது, புதுசு போடுங்கோ என்கிறான். அவன் சொன்ன காசுக்கு நான் ஒரு ஆட்டுக்குட்டி வாங்கலாம். உண்மையிலேயே காபரேற்றர்தானா?


மல்லாவிப் பெடியன்:

மச்சான், பழைய மெசினோடு மல்லுக்கட்டுறதை விட ஒரு சைனா மெசின் வாங்கிப்போடு. எனக்கும் இப்படித்தான் ஒன்று நின்றது, காபரேற்றரில் குறைந்த வேகத்துக்குப் பெற்றோலைக் கூட்டிக் குறைக்கிற எல் ஸ்குரூவைக் கால் சுற்றுத் திறந்தேன், ஓடியது. கொஞ்ச நாளைக்கு.


பழைய ஸ்பானர்:

தம்பி, முதலில் அந்த ஐடில் ஸ்குரூவை இருந்த இடத்துக்குத் திருப்பு. மற்றதெல்லாம் பிறகு. கை எடுத்த பிறகும் சங்கிலி மெல்லச் சுற்றிக்கொண்டிருக்கும், நீ கவனிக்காமல் தொடைக்குப் பக்கத்தில் இறக்குவாய். ஐடிலில் சங்கிலி ஒரு பல்லும் அசையக்கூடாது. நோயைப் பார்க்காமல் ஐடிலைக் கூட்டி ஓட்டுவது, காய்ச்சல்காரனை ஓடச் சொல்வது மாதிரி.

இனி விசயத்துக்கு வருவோம். மோட்டார் சைக்கிள் காபரேற்றருக்குள் ஒரு கிண்ணமும் மிதவையும் இருக்கும், அதைச் சரித்தால் பெற்றோல் வழியும் அல்லது வராது, அது இயல்பு. செயின் சோவில் மிதவை கிடையாது. கிண்ணத்துக்குப் பதிலாக மெல்லிய தோல் மாதிரி ஒரு டயபிரம் இருக்கிறது. பிஸ்ரன் ஏறி இறங்கும்போது கிராங் அறைக்குள் உண்டாகிற காற்றுத் துடிப்பு இன்னொரு டயபிரத்தை அடித்துப் பெற்றோலை இழுத்துக் கொடுக்கும். அதனால் தலைகீழாகப் பிடித்தாலும் ஓடவேண்டும். ஆதிகால மெசின்களில் மிதவைதான் இருந்தது, என்ஜினை நிமிர்த்திப் பிடித்துக்கொண்டு வாளை மட்டும் திருப்பித்தான் மரம் தறித்தார்கள். அந்தச் சள்ளை வேண்டாம் என்றுதான் டயபிரம் வந்தது. ஆகவே சரித்தால் நிற்கிற மெசின் வயது போன மெசின் என்று யாரும் சொன்னால் நம்பாதே. அதற்கு ஒரு காரணம் இருக்கிறது, கையால் தொட்டுக் காட்டக்கூடிய காரணம்.

அதைக் கண்டுபிடிக்க, நிற்கிறது என்று சொன்னால் போதாது, எப்படி நிற்கிறது என்று சொல்லவேண்டும். நான் 90களில் இந்த வேலை பழகினவன். யுத்தத்தால் பெற்றோல் தடை, ஒரு மூடி பெற்றோல் விட்டு ஸ்ரார்ட் பண்ணி மண்ணெண்ணெயில் மோட்டார் சைக்கிள் ஓட்டிய காலம். அப்ப எங்களிடம் மீற்றரும் இல்லை, புதுச் சாமானும் இல்லை, காது மட்டும்தான் இருந்தது. சாகப்போகிற என்ஜின் எப்படி நிற்கிறது என்று கேட்டாலே பாதி நோய் தெரிந்துவிடும்.

நிற்பதற்கு முன் சத்தம் வீ...ங் என்று மேலே ஏறிப் பிறகு நின்றால் பெற்றோல் காணாது, அல்லது எங்கேயோ காற்றுக் குடிக்கிறது. சத்தம் அடைத்து, புகை கக்கி, மொறுமொறுத்து நின்றால் பெற்றோல் கூடிப்போச்சு. கனநேரம் ஐடிலில் நின்ற மெசினின் கிராங் அறைக்குள் பெற்றோல் தேங்கியிருக்கும், சரிக்கும்போது அது ஒரேயடியாக மேலே போய் மூச்சை அடைக்கும். எல் ஸ்குரூ அளவுக்கு மிஞ்சித் திறந்திருந்தாலோ, காபரேற்றர் ஊசி வடிவாகக் குந்தாவிட்டாலோ இப்படி வரும். மல்லாவித் தம்பி ஆளைப் பார்க்காமல் மருந்து எழுதிவிட்டார், எல் ஸ்குரூவைத் திறக்கச் சொல்லி, அது இந்த நோய்க்கு நஞ்சு.

ஏறவும் இல்லை, புகையவும் இல்லை, சுவிச்சைத் தட்டின மாதிரிச் சட்டென்று நின்றால் அது வயர்.

எனக்கு மூன்று விசயம் சொல்லு. மேலே சொன்னதில் எது? இடப் பக்கம் படுத்தால் நிற்கிறதா, வலப் பக்கம் படுத்தாலா, இரண்டுக்குமா? பெற்றோல் ராங் நிரம்ப இருக்கும்போதும் நிற்கிறதா? பார்க்கும்போது சங்கிலிப் பிறேக்கைப் போட்டுக்கொண்டு பார். நிலத்தில் வைத்துச் சரிக்காதே, மண்ணை அள்ளும்.


ஒட்டுசுட்டான் தம்பி:

நன்றி அண்ணை. ஐடிலைக் குறைத்துவிட்டேன், நீங்கள் சொன்னது உண்மைதான், சங்கிலி சுற்றிக்கொண்டுதான் இருந்திருக்கிறது, நான் அதைப் பெரிதாக எடுக்கவில்லை.

இன்று பின்னேரம் வைத்துப் பார்த்தேன். சத்தம் ஏறித்தான் நிற்கிறது, அதில் சந்தேகம் இல்லை. புகை இல்லை. இடப் பக்கம் கீழே வரும்படி படுத்தினால் நிற்கிறது, வலப் பக்கம் படுத்தினால் நிற்கவில்லை, ஆனால் சுத்தமாக ஓடுகிறது என்றும் சொல்லமாட்டேன். ராங் விசயம் நீங்கள் கேட்கும்வரை எனக்குத் தோன்றவே இல்லை. விளிம்பு வரை நிரப்பிவிட்டுச் சரித்தேன், இரண்டு நிமிடம் ஓடியது, நிற்கவே இல்லை. பாதியாக்கிவிட்டுச் சரித்தேன், எண்ணினேன், 12 வினாடி.


ரொறன்ரோ விறகுவெட்டி:

நான் முள்ளியவளை, இப்ப கனடாவில். இங்கே குளிருக்கு விறகு எரிக்கிறவன், மூன்று பழைய மெசின் வைத்திருக்கிறேன், ஆகவே வாயைத் திறக்க உரிமை உண்டு.

காபரேற்றருக்கும் சிலிண்டருக்கும் நடுவே இருக்கிற றபர் புனலைப் பாருங்கோ. இந்த வகை மெசின்களில் என்ஜின் ஒரு பாகம், கைப்பிடியும் ராங்கும் காபரேற்றரும் இன்னொரு பாகம், நடுவில் அதிர்வு தாங்க றபர் குஷன். நேராகப் பிடிக்கும்போது இரண்டும் ஒழுங்காக நிற்கும். சரித்துப் பாரம் கொடுத்தால் ஒன்றிலிருந்து ஒன்று விலகும், அந்தப் புனல்தான் வளைந்து கொடுக்கும். வயது போன றபரில் வெடிப்பு இருந்தால் நேரே பார்க்கும்போது தெரியாது, வளைத்தால் வாயைத் திறக்கும். எனக்கு அப்படித்தான் இருந்தது, இரண்டு மாரிகாலம் காபரேற்றரைக் கழற்றிக் கழற்றிக் கழுவினேன், கடைசியில் புனலின் அடிப்பக்கத்தில் நகக்கீறல் அளவு வெடிப்பு. குஷன் றபர் பிய்ந்திருந்தாலும் இதே கதைதான். துடிப்புக் காற்று போகிற சின்னக் குழாய் தனியாக இருக்கிற மெசின் என்றால் அதையும் பாருங்கோ.

இன்னொன்று கிராங் சீல், கிராங் தண்டு வெளியே வருகிற இடத்தில் காற்றுப் போகாமல் அடைக்கிற வளையம். பேறிங் தேய்ந்த மெசினில் சரிக்கும்போது கிராங் ஒரு பக்கம் அசையும், சீல் காற்றுக் குடிக்கும். ஐடிலில் விட்டு நான்கு பக்கமும் மெல்லச் சரித்துப் பாருங்கோ, சத்தம் மாறக்கூடாது. சரியான வழி அழுத்தப் பரிசோதனை: சைலன்சர் பக்கத்தையும் இன்ரேக் பக்கத்தையும் அடைத்துவிட்டு அரை பார் (bar) அழுத்தத்துக்குக் காற்று அடித்து முள்ளு இறங்குகிறதா என்று பார்ப்பது, பிறகு அதே அளவுக்கு உறிஞ்சியும் பார்ப்பது. சில சீல் அழுத்தினால் பிடிக்கும், உறிஞ்சினால் விடும்.


பழைய ஸ்பானர்:

கனடாத் தம்பி சொன்னதெல்லாம் சரி, புனல் வெடிப்பு நானும் எத்தனையோ கண்டிருக்கிறேன். ஆனால் அவர் ஒட்டுசுட்டான் தம்பியின் கடைசி வரியை வாசிக்கவில்லை. புனலில் வெடிப்பு என்றால் ராங் நிரம்பியிருந்தாலென்ன, காலியாக இருந்தாலென்ன, சரித்தால் காற்றுக் குடிக்கத்தான் வேண்டும். நிரம்பிய ராங்கில் ஓடுகிறது, பாதி ராங்கில் நிற்கிறது, அதுவும் ஒரு பக்கத்துக்கு மட்டும். இது என்ஜினுக்குள் இருக்கிற நோய் இல்லை. ராங்குக்குள் இருக்கிறது.

ராங்கின் மூடியைத் திறந்தால் உள்ளே ஒரு குழாய் தொங்கும், அதன் நுனியில் பாரமான சின்னப் பில்ரர். அந்தக் குழாய் வெந்த நூடில்ஸ் மாதிரித் துவளவேண்டும். மெசின் எந்தப் பக்கம் சரிகிறதோ அந்தப் பக்கம் பில்ரர் உருண்டு போகும், பெற்றோலும் அங்கேதான் போகும், அதனால்தான் கடைசிச் சொட்டு வரைக்கும் உறிஞ்சுகிறது. குழாய் இறுகிவிட்டால் பில்ரர் இருந்த இடத்திலேயே நிற்கும். பெற்றோல் ஒரு பக்கம், வாய் ஒரு பக்கம். காற்றைக் குடிக்கும், மேலே காபரேற்றரில் மிச்சம் இருக்கிற பெற்றோல் முடியும்வரை ஓடும், சத்தம் ஏறும், நிற்கும். உன்னுடைய 12 வினாடி அதுதான். குழாய் ராங்குக்குள் நுழைகிற இடத்தில் வெடித்திருந்தாலும் இதே மாதிரி வரும், பெற்றோல் மட்டம் வெடிப்புக்குக் கீழே இறங்கினால் காற்று.

செய்ய வேண்டியது இவ்வளவுதான். என்ஜின் நன்றாக ஆறட்டும். வெளியே, வெயில் படாத இடத்தில், அடுப்புக்கும் பீடிக்கும் தூரமாக வைத்துக்கொள். பெற்றோலைக் கலனில் ஊற்றிவிட்டு ரோச் லைற்றை ராங்குக்குள் அடித்துக்கொண்டு மெசினை இடமும் வலமும் சரி. பில்ரர் உருள்கிறதா, இல்லையா? கண்ணாலேயே தெரியும். பிறகு கம்பியின் நுனியைக் கொக்கியாக வளைத்துக் குழாயை மெல்ல வெளியே இழு. இழுக்கும்போது கம்பி நுனி குழாயைக் குத்தாமல் பார், நல்ல குழாயையும் ஓட்டையாக்கி வைத்தவர்கள் இருக்கிறார்கள், நானும் ஒருவன்.

வெடிப்புக் கண்ணுக்குத் தெரியாவிட்டால் ஒரு வழி இருக்கிறது. கனடாத் தம்பி சொன்ன அழுத்த மீற்றர் இங்கே எல்லோரிடமும் இராது, ஆனால் பிரசர் பார்க்கிற கருவி வயதானவர்கள் இருக்கிற வீட்டில் இருக்கும், பற்றரியில் ஓடுவது இல்லை, கையால் அமத்துகிற பம்பும் முள்ளும் வைத்த பழைய மாதிரி. கையில் சுற்றுகிற சீலையைக் கழற்றிவிட்டு அந்தக் குழாயைப் பெற்றோல் குழாயின் ஒரு வாயில் கொடு, மற்ற வாயை இறுக்கி அடை. முள்ளு 300 வரை போகும், அது கிட்டத்தட்ட 0.4 பார், இந்த வேலைக்குத் தாராளம். அமத்திப் பிடித்துக்கொண்டு குழாயை வாளித் தண்ணிக்குள் வைத்து வளைத்து வளைத்துப் பார். நுரை வருகிற இடம் வெடிப்பு. ஒன்று, முதலில் குழாயைக் கழுவித் துடைத்துவிட்டுச் செய், பெற்றோல் வாசத்தோடு கருவியைத் திருப்பிக் கொடுத்தால் பேச்சு வாங்குவாய்.

ராங் மூச்சுவிடுகிற துவாரத்தையும் ஒருக்கா ஊதிப் பார். அது அடைத்தாலும் மெசின் நிற்கும், ஆனால் அது சரிவைப் பார்த்து நிற்காது, பத்துப் பதினைந்து நிமிடம் ஓடிவிட்டு எந்தப் பக்கம் பிடித்தாலும் நிற்கும், மூடியைத் தளர்த்தினால் உஸ்ஸ் என்று காற்றை உள்ளே இழுத்துக்கொண்டு பிறகு ஓடும். உனக்கு அது இல்லை என்று நினைக்கிறேன்.


நெடுங்கேணி அக்கா:

எங்களுடைய மெசினும் சரித்தால்தான் நின்றது, ஆனால் சுவிச்சை அமத்தின மாதிரி. எல்லோரும் காபரேற்றர், காபரேற்றர் என்று சொல்ல இவர் இரண்டு தரம் அதற்கே காசைக் கொட்டினார். கடைசியில் நான்தான் பின் கைப்பிடியின் மூடியைக் கழற்றிப் பார்த்தேன், சுவிச்சுக்குப் போகிற வயர் குஷனுக்குப் பக்கத்தில் உரஞ்சி உரஞ்சிச் செம்பு தெரிந்தது. மெசினைச் சரித்து அமத்தும்போது அது என்ஜின் உடம்பில் முட்டும், மின்பொறி செத்துவிடும். கறுத்த ரேப் இரண்டு சுற்று, வயரை விலக்கிக் கட்டினேன், முடிந்தது. அன்றிலிருந்து மெசினை நான் தொட்டால் இவர் ஒன்றும் சொல்வதில்லை.

தம்பி, உன்னுடையது இது இல்லைத்தான், பின்னால் வாசிக்கிற யாருக்கும் உதவும் என்று எழுதுகிறேன். மற்றது, அந்தத் தென்னையின் உடம்பை வெட்டமுதல் வடிவாகப் பார். எங்கள் பக்கத்து மரங்களில் யுத்தகாலச் செல் (எறிகணை) துண்டு இன்னும் இருக்கிறது. போன வருடம் ஒரு பனங்குற்றியில் புதுச் சங்கிலியின் ஆறு பல்லுப் போனது. மற்ற மரங்களில் தோல் வீங்கி மூடியிருக்கும், அல்லது சுற்றிவர ஒரு கறுப்புக் கறை இருக்கும். தென்னையும் பனையும் காயத்தை மூடாது, துளை அப்படியே தெரியும்.


ஒட்டுசுட்டான் தம்பி:

கண்டுபிடித்தாச்சு! எல்லோருக்கும் கோடி நன்றி. கொஞ்சம் நீட்டி எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கோ.

காலையில் ராங்கைக் காலியாக்கி ரோச் அடித்துப் பார்த்தேன். மெசினை இடப் பக்கம் சரித்தேன், பில்ரர் அசையவில்லை. வலப் பக்கம் சரித்தேன், அசையவில்லை. தலைகீழாகப் பிடித்துக் குலுக்கினேன், அப்பவும் அது ராங்கின் வலது மூலையில் முகத்தைத் திருப்பிக்கொண்டு, கோபித்துக்கொண்ட மாப்பிள்ளை மாதிரி அப்படியே நின்றது. கம்பி போட்டு இழுத்தால் வருவது றபர்க் குழாயே இல்லை. மோட்டார் சைக்கிளுக்குப் போடுகிற, கண்ணாடி மாதிரி உள்ளே தெரிகிற பிளாஸ்ரிக் பெற்றோல் குழாய்! ஒரு காலத்தில் கண்ணாடியாக இருந்திருக்கும், இப்ப பழுத்த மஞ்சள், நகத்தால் தட்டினால் டிக் டிக் என்று சத்தம். வளைத்தேன், வளையாமல் பேனை மாதிரி நின்றது, கொஞ்சம் கூட வளைத்தேன், முறிந்துவிட்டது.

மாமாவிடம் கொண்டுபோய்க் காட்டினேன். முதலில் எனக்குத் தெரியாது என்றார். பிறகு தேத்தண்ணி குடித்துக்கொண்டே, ஓ அது, 2022இல் பெற்றோலுக்குக் கியூஆர் காட்டி வரிசையில் நின்ற நேரம் பழைய குழாய் வெடித்துப்போச்சு, சாமான் கடையில் இல்லை, அப்ப மோட்டார் சைக்கிளில் இருந்து ஒரு சாண் வெட்டிப் போட்டனான், நல்லாத்தானே ஓடினது என்கிறார். நல்லாத்தான் ஓடியிருக்கிறது, புதுசில் அது மெதுவாக இருந்திருக்கும். அதற்குப் பிறகு மாமா சரித்து ஒரு மரமும் தறிக்கவில்லை, விழுந்ததைத் துண்டு போட்டதோடு சரி. அதுதான் யாருக்கும் தெரியவில்லை.

முறிந்த துண்டை வைத்துச் சாமான் வாங்கினால் அதே பிழையைத் திரும்ப வாங்குவேன் என்பதால் மெசினையே மோட்டார் சைக்கிளில் கட்டிக்கொண்டு புதுக்குடியிருப்புக்குப் போனேன். மெசினுக்கென்று வருகிற றபர்க் குழாய், ராங்கின் சுவரில் இறுக்கமாகக் குந்துகிற மாதிரி வார்த்தது, புதுப் பில்ரரும் சேர்த்து. கராச்சில் சொன்ன காபரேற்றர்க் காசில் பத்தில் ஒரு பங்குகூட வரவில்லை. போடும்போதுதான் பாடு, துளைக்குள் போகமாட்டேன் என்று நின்றது, நுனியைச் சரிவாக வெட்டி, கொஞ்சம் ரூ ஸ்ரோக் ஒயில் பூசி, மெல்லிய கம்பியால் வெளியில் இருந்து இழுத்து எடுத்தேன்.

அம்மம்மாவின் பிரசர் கருவியும் பாவித்தேன், புதுக் குழாய்க்குத் தேவையில்லைத்தான், ஆசைக்கு. 200 வரை அடித்துப் பிடித்தேன், முள்ளு அசையவில்லை. அம்மம்மா பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, மெசினுக்குப் பிரசர் எப்படி, உப்பைக் குறைக்கச் சொல்லு என்றா.

பாதி ராங்கோடு இடப் பக்கம் படுத்திப் பிடித்தேன். நிற்கவே இல்லை. தென்னையையும் வடிவாகப் பார்த்தேன் அக்கா, ஆள் உயரத்துக்கு மேலே ஒரு துளை இருந்தது, அதற்குக் கன கீழேதான் வாய் போட்டேன். மரம் இப்ப நிலத்தில்.


பழைய ஸ்பானர்:

நல்லது தம்பி. ஆனால் மெசினை மூடி வைக்கமுதல் ஒரு வேலை இருக்கிறது. இந்த என்ஜினுக்கு ஒயில் தனியாகப் போவதில்லை, பெற்றோலோடு கலந்துதான் போகிறது. பெற்றோல் காணாமல் ஓடிய ஒவ்வொரு தரமும் ஒயிலும் காணாமல்தான் ஓடியிருக்கிறது, அந்த வீ...ங் சத்தம் கேட்க நன்றாக இருக்கும், பிஸ்ரனுக்கு அது ஒப்பாரி. சைலன்சரைக் கழற்று, இரண்டு மூன்று திருகாணிதான். கயிற்றை மெல்ல இழுத்துப் பிஸ்ரனை அந்த வாசலுக்குக் கொண்டுவந்து லைற் அடித்துப் பார். வழுவழுப்பாக இருந்தால் சந்தோசம். மேலிருந்து கீழாகக் கோடுகள் இருந்தால் நகத்தை வைத்து இழுத்துப் பார், நகம் இடறினால் எனக்கு எழுது.

பிறகு காபரேற்றர் ஸ்குரூக்கள். குழாய் பழுதாக இருந்த நேரம் யாராவது எல் ஸ்குரூவையும், கூடிய வேகத்துக்கு உரிய எச் ஸ்குரூவையும் திருகியிருப்பார்கள், நீயோ மாமாவோ. பெரும்பாலான பழைய மெசினில் இரண்டையும் மெல்ல மூடிவிட்டு ஒவ்வொரு சுற்றுத் திறந்து தொடங்கலாம், உன் மெசினின் புத்தகம் கிடைத்தால் அதில் உள்ளதுதான் கணக்கு. சங்கிலி அசையாமல் ஐடில் நிற்கவேண்டும், கொடுத்தவுடன் திக்காமல் எடுக்கவேண்டும், நான்கு பக்கம் சரித்தாலும் ஐடில் சத்தம் ஒன்றாக இருக்கவேண்டும். சரிக்கும்போது இன்னும் கொஞ்சம் ஏறி இறங்கினால் அப்ப கனடாத் தம்பியின் புனலைப் பார்.


ஒட்டுசுட்டான் தம்பி:

பார்த்தேன் அண்ணை. எச் ஸ்குரூ ஒன்றேமுக்கால் சுற்றுத் திறந்து கிடந்தது, மாமா அதைப் பற்றியும் முதலில் தெரியாது என்றார். ஒரு சுற்றுக்குக் கொண்டுவந்து காது வைத்துச் சரிபண்ணினேன். பிஸ்ரனில் சைலன்சர்ப் பக்கம் மெல்லிய கோடுகள் மூன்று நாலு இருக்கிறது, நகம் இடறவில்லை. புனலையும் வளைத்துப் பார்த்தேன், மேலே முகம் சுருங்கின மாதிரிக் கீறல் இருக்கிறது, உள்ளே போகவில்லை. ஐடில் நான்கு பக்கமும் ஒன்றாகத்தான் இருக்கிறது.


பழைய ஸ்பானர்:

நகம் இடறாவிட்டால் ஓட்டு. புனலுக்கு அடுத்த மாரிக்கு முன் சொல்லி எடுத்து வை, வெடித்த பிறகு தேடாதே.


ரொறன்ரோ விறகுவெட்டி:

பாதி ராங் விசயத்தை நான் வாசிக்காமல் விட்டது உண்மைதான் அண்ணை, ஒத்துக்கொள்கிறேன். பிரசர் கருவி யோசனையை இங்கே ஒரு வெள்ளைக்காரனுக்குச் சொன்னேன், அவன் மனைவியின் கருவியைத் தேடிக்கொண்டிருக்கிறான்.


மல்லாவிப் பெடியன்:

இதை வாசித்துவிட்டு இப்பத்தான் என்னுடைய ராங்கைத் திறந்து பார்த்தேன். நானும் போன வருடம் போட்டது மோட்டார் சைக்கிள் குழாய்தான். இன்னும் மெதுவாக இருக்கிறது. எப்ப மாற்றலாம்?


நெடுங்கேணி அக்கா:

இன்றைக்கு.